டப்பாவுல வந்த இங்கிலாந்து

வாடா பேராண்டி, ஒக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுல உங்கப்பன் பேப்பரு கெடக்கு, கலைச்சா கோச்சுக்குவான். இப்படித் தரையில ஒக்காரு. மான்செஸ்டர்ல மூணு வருஷம் இருந்தா முட்டி மடங்காமப் போயிடுமா என்ன?

இது இன்னாது, எனக்கா? அடேயப்பா, டப்பாவே கண்ணைப் பறிக்குது. செவப்பு பஸ்ஸு, மணிக்கூண்டு, குடை புடிச்ச துரை. மேல இன்னா எழுதியிருக்கு, படி. 'இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் டீ'. ஓகோ. ஏண்டா கண்ணு, இங்கிலாந்துல தேயிலை எந்த மலையில வெளையுது? சிரிக்காத, தெரியாமத்தான் கேக்கறேன். டப்பாவைத் திருப்பு, அடியில பொடி எழுத்துல இருக்கும். இன்னா போட்டிருக்கு? 'பல நாட்டுத் தேயிலைக் கலவை'யா? பாத்தியா. மாடு யாருது, பால் கறந்தவ யாரு, ஒரு தகவலும் இல்ல. வாங்கிக் குடிச்சவன் பேரு மட்டும் டப்பா மேல கொட்டை எழுத்துல.

கோச்சுக்காத. எத்தனையோ காதம் தாண்டித் தாத்தாவுக்கு டீத்தூள் சொமந்துட்டு வந்திருக்க. ஆனா தாத்தாவுக்குப் போய் டீத்தூளா? நம்ம சுங்குவார்சத்திரத்து நெலத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி பத்து வருஷம் நான் என்ன பண்ணேன்னு உங்கப்பன் சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு வெக்கம். பெரம்பூர்ல மில்லு கேட்டாண்ட டீக்கடையில க்ளாஸ் கழுவினேன். பதினாலு வயசுல போனேன். க்ளாஸ் கழுவி, அப்புறம் பால் காய்ச்சி, அப்புறம் டீ மாஸ்டர். அந்தக் காலத்துல எனக்குத் தெரிஞ்ச டீத்தூள் ஒண்ணே ஒண்ணு, அதுக்குப் பேரே டஸ்ட். நல்ல எலை கப்பல் ஏறிப் போகும், தூசி நமக்கு. அந்தத் தூசியில சேத்த காசுலதான் உங்கப்பனைப் படிக்க வெச்சேன், அவன் உன்னைப் படிக்க வெச்சான், நீ போய் நல்ல எலையைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க. கணக்கு சரியாப் போச்சு.

நேத்து ராத்திரி சாப்பாட்டுல நீ ரொம்ப அழகாப் பேசினே. அங்க உன் ஆபீசுல சங்கத்துல சேந்துட்டியாம், நல்லது. வெள்ளைக்காரத் தொழிலாளியும் நம்ம ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளியும் ஒண்ணு, எதிரி ஒருத்தன்தான்னு சொன்னே. அதுவும் நல்ல பேச்சு. கடலை மாவுல பஜ்ஜி போட்ட மாதிரி உப்பிக்கிட்டு வந்துச்சு. எதிர்ல உன் சித்தப்பா பொண்ணு ஒக்காந்து சாப்பிட்டாளே, ஹாஸ்டல்லேர்ந்து லீவுக்கு வந்தவ, போன் செய்யற கம்பெனியில லைன்ல நிக்கறவ. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா, ஞாபகம் இருக்கா? "அண்ணா, உங்க ஊர்ல ஷிஃப்ட்டுக்கு நடுவுல பிரேக் எத்தினி நிமிஷம்?" நீ இன்னா சொன்னே? "அதெல்லாம் அங்க யாரும் கணக்குப் பாக்க மாட்டாங்கம்மா." அவ தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போயிட்டா. காலைல நாலரைக்கு வேன் புடிக்கணும். நீ தூங்கிட்டிருந்தே.

நிமிஷத்தைக் கணக்குப் பாக்காம இருக்கறது ஒரு சொத்துடா, நெலம் மாதிரி. அந்தச் சொத்து உனக்கு எப்படி வந்துச்சு, அவளுக்கு ஏன் வரலன்னு யோசிச்சுப் பாத்தியா?

சரி, என் டீக்கடைக் கதையைக் கேளு. மில்லு ஷிஃப்ட் விட்டா கடையில கூட்டம் அம்மும். எல்லாரும் சங்கத்து ஆளுங்க. கேட்டாண்ட கோஷம் போட்டா ஓட்டேரி வரைக்கும் கேக்கும். நான் பின்னாடி தொட்டியில க்ளாஸ் கழுவிட்டு ஒவ்வொரு கோஷத்துக்கும் மனசுக்குள்ளயே 'வாழ்க' போடுவேன். ஒரு நாள் எனக்கும் இன்னொரு பையனுக்கும் தைரியம் வந்து மொதலாளி கிட்ட கூலி ஒசத்திக் கேட்டோம். அவரு யோசிச்சாரு, கெட்டவரு இல்ல. மறுநாள் பலகையில எழுதிப் போட்டாரு: டீ ரெண்டு பைசா கூட, காரணம் பசங்க கூலி.

அவ்வளவுதான். காலைல கேட்டாண்ட கோஷம் போட்ட அதே வாய்ங்க மேசையைத் தட்டுது. "தொழிலாளி வயித்துல அடிக்கறியா?" ரெண்டு நாள் எங்க கடைக்கு ஒருத்தன் வரல. மூணாம் நாள் பலகையை அழிச்சாச்சு, எங்க கூலியும் பழையபடி ஆச்சு. ஒரே ஒரு கெழவர், கைத்தடி ஊனிட்டு வருவாரு, அவரு மட்டும் அந்த ரெண்டு நாளும் வந்து ரெண்டு பைசா கூடக் குடுத்துக் குடிச்சாரு. பலகையை அழிச்ச பிறகும் குடுத்தாரு. மொதலாளி வாங்கல, என் கையில வெச்சுட்டுப் போனாரு.

மேசையைத் தட்டினவனைத் திட்டறதா நெனைக்காத. அவன் மில்லுல பஞ்சுத் தூசி தின்னுட்டு வர்றவன், அவன் நெஞ்சு இருமற சத்தம் எனக்கு இன்னும் காதுல கேக்குது. அவன் திருடன் இல்ல. ஆடை போட்ட டீ கேப்பான், அவ்வளவுதான். மாடு மொதலாளிது, ஆடை மேசையில இருக்கறவனுக்கு, தொட்டி எனக்கு. ஆடை தின்னவன் மாட்டுக்காரன் ஆயிட மாட்டான். ஆனா தொட்டிப் பக்கம் திரும்பிப் பாக்க மட்டும் அவன் கழுத்து லேசுல வளையாது.

உங்க மான்செஸ்டர்க் கதையும் இதேதான். என்ன, கடை கொஞ்சம் பெரிசு.

எந்திரிச்சு பால்கனியிலேர்ந்து பாரு. பறக்கும் ரயில் போவுதே, அதுக்கு அடியில கருப்பா ஒண்ணு நகருதே, அது சாக்கடை இல்ல. சாக்கடையா ஆக்கிட்டோம், அது வேற. பக்கிங்ஹாம் கால்வாய். தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்ப, 1876லேர்ந்து 78 வரைக்கும். சனங்க சாரி சாரியா மெட்ராஸுக்கு நடந்து வந்து விழுந்தாங்க. அவங்களை வெச்சுதான் அடையாத்துக்கும் கூவத்துக்கும் நடுவுல இந்த வாய்க்காலை வெட்டினாங்க. சும்மா சோறு போட்டா சோம்பேறி ஆயிடுவானாம். டெம்பிள் துரைன்னு ஒருத்தர் வந்து கூலி நிர்ணயம் பண்ணாரு: ஒரு ஆம்பளைக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம், ஒரு அணா காசு. ராத்தல்னா அரைக் கிலோவுக்கும் கம்மி. அதைத் தின்னுட்டு மண்ணு வெட்டணும். அப்ப கவர்னரா இருந்தவரு பக்கிங்ஹாம் பிரபு, வாய்க்காலுக்கு அவரு பேரு. அதே 1876ல பெரம்பூர்ல பின்னி கம்பெனி ஒரு மில்லு தொடங்கிச்சு, அதுக்கும் அவரு பேரு. ஒரே துரை பேரு, இங்க பசிச்சவன் வெட்டின வாய்க்கா, அங்க நூல் நூக்கற மில்லு.

அந்தப் பஞ்சத்துலயும் இந்த தேசத்திலேர்ந்து கோதுமை கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போச்சு. அதே இங்கிலாந்துல லண்டன் மேயர் உண்டி குலுக்கி மெட்ராஸ் பஞ்சத்துக்குப் பணமும் அனுப்பினாரு. ரெண்டும் நெசம். ரொட்டி தின்னவனும் உண்டியில போட்டவனும் ஒரே ஆளாக்கூட இருந்திருப்பான். அவன் மனசு கல்லு இல்ல. அவன் ரொட்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னு பேக்கரியில எழுதிப் போடல, டப்பா மாதிரிதான்.

தேயிலையும் அப்படித்தான். இலங்கையில காப்பிச் செடியை நோய் தின்னுடுச்சு, அந்த மலையெல்லாம் தேயிலை வெச்சான். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம்னு நம்ம சனத்தை கங்காணி கூட்டிட்டுப் போய் மலை ஏத்தினான். 1890ல லிப்டன் துரை அங்க போய்த் தோட்டம் வாங்கி, நடுத்தரகனை நீக்கிட்டு, இங்கிலாந்துக் கூலிக்காரன் வாங்கற வெலைக்குப் பொட்டலம் போட்டு வித்தாரு. மில்லுல நாள் பூரா நின்னவனுக்குச் சூடா ஒரு கப்பு கிடைச்சுது, சக்கரையும் போட்டு. அவனுக்கு அது ஆறுதல். தோட்டத்து லயத்துல இருந்தவளுக்கு அது கொழுந்து நெறுவை. சுதந்திரம் வந்த பிறகு 1948ல அவங்க குடியுரிமையே போச்சு. 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு அஞ்சேகால் லட்சம் பேரை இந்தியாவுக்குன்னும் மூணு லட்சம் பேரை இலங்கைக்குன்னும் பிரிச்சாங்க, மீதியை அப்புறம் பாத்துக்கலாம்னு வெச்சாங்க. நாம மந்தை ஓட்டறப்போ கூட மாட்டை ஒருவாட்டி தட்டிக் குடுத்துட்டுதான் பிரிப்போம்.

இதையெல்லாம் டீக்கடையில எனக்குச் சொன்னது அந்தக் கைத்தடிக் கெழவர்தான். அவரு ஒரு தோழர். ஏங்கெல்ஸ் பேரை அவரு வாயிலதான் மொதல்ல கேட்டேன். உங்க மான்செஸ்டர்லதான் அந்த மனுஷன் பஞ்சுக் கம்பெனி பங்குதாரரா இருந்தாராம், அந்தக் காசுலதான் மார்க்ஸுக்குப் பணம் அனுப்புனாராம். 1858லயே மார்க்ஸுக்குக் கடுதாசி போட்டாராம், இங்கிலீஷ்காரத் தொழிலாளி நாளாக நாளாக மொதலாளி மாதிரி ஆயிட்டு வர்றான், உலகத்தையே உறிஞ்சற தேசத்துல இது நடக்கக்கூடியதுதான்னு. ஜன்னலைத் தெறந்து எதிர்க்க இருக்கற மில்லைப் பாத்து எழுதின மாதிரி கடுதாசி. கெழவர் இதைச் சொல்லிட்டு, "தம்பி, ஆடை இல்லாம ஒரு டீ"ம்பாரு.

இப்ப ஒரு கோர்ட்டு விஷயத்துக்கு வா, இதுதான் எனக்கு ருசியான எடம். ஆத்துக்கு அந்தாண்ட அடையாத்துல பிரம்மஞான சபை இருக்கே, ஆலமரம் பாக்கப் போவியே, அங்க வாடியான்னு ஒரு பார்சிக்காரர் இருந்தாரு. சாமியார்த்தனமான ஆளு. செல்வபதிச் செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அவரைப் பெரம்பூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மத்தியானச் சோத்துக்கு மில்லுல அரை மணி நேரம்தான். கை கழுவி, வரிசையில நின்னு, சோத்தை வாயில போட்டு ஓடி வரணும், லேட்டானா கேட்டை மூடிடுவான். அந்த நிமிஷக் கணக்குலதான் ஆரம்பிச்சுது. 1918 ஏப்ரல் 27ம் தேதி சென்னை தொழிலாளர் சங்கம். வாடியா தலைவரு, நம்ம திரு.வி.க. துணைத் தலைவரு. உன் தங்கச்சி நேத்து கேட்ட கேள்விக்கு நூறு வயசு தாண்டிடுச்சு.

1920ல மில்லு கதவடைப்பு. கம்பெனி மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போச்சு. எங்க வேலைக்காரனை வேலைக்கு வராம இருக்கத் தூண்டினாங்க, நஷ்டம் குடுங்கன்னு வாடியா மேலயும் சங்கத்து ஆளுங்க மேலயும் கேசு. கோர்ட்டு தடை உத்தரவு போட்டுச்சு. கடைசியில வாடியா சங்கத்தை விட்டு வெலகற கதையாச்சு. இதுல இன்னா விசேஷம்ங்கிற? அதே இங்கிலாந்துல 1906லயே சட்டம் போட்டாச்சு, வேலைநிறுத்தத்தால நஷ்டம்னு சங்கத்து மேல மொதலாளி கேசு போட முடியாதுன்னு. அந்தச் சட்டத்துக்காக உங்க ஊர்த் தொழிலாளி சண்டை போட்டான், பாராளுமன்றத்துக்கே ஆள் அனுப்பினான், ஜெயிச்சான். நான் கை தட்டறேன். ஆனா அதே ராசா, அதே கொடி, இங்கிலீஷ்காரன் மொதலாளி, கடல்ல ஒரு மாசம் தள்ளி வந்தா அந்தச் சட்டத்துக்குக் கால் இல்ல.

மணிக்கணக்கைப் பாரு. 1919ல வாஷிங்டன்ல உலகத் தொழிலாளர் மாநாடு. அங்க வாடியாவும் போயிருந்தாரு. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலைன்னு தீர்மானம் ஆச்சு. எல்லாரும் எழுந்து நின்னு சந்தோஷப்பட்டிருப்பாங்க. கீழ ஒரு தனி ஷரத்து: பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60. நம்ம ஊர்ல ஒரு மணி நேரத்துக்கு அறுபது நிமிஷம் போதலன்னு நெனைச்சாங்க போல.

இரு, எந்திரிக்காத, இன்னும் அடுப்புல பால் இருக்கு.

துணி வரியைச் சொல்றேன். 1896ல இங்கிலாந்துலேர்ந்து வர்ற துணிக்கு மூணரை சதவீதம் வரி. நல்லது, நம்ம மில்லு பொழைச்சுக்கும். ஆனா உங்க மான்செஸ்டரைச் சுத்தி இருக்கற லங்காஷயர்ல கூச்சல். இங்க மில்லுல நெய்யற துணிக்கும் அதே மூணரை போடு, அப்பத்தான் நியாயம்னாங்க. போட்டாச்சு. கூச்சல் போட்டது மொதலாளி மட்டும் இல்லடா, அவங்க தொழிலாளி சங்கமும் மொதலாளி பக்கத்துல தோளோட தோள் நின்னுச்சு. உள்ளூர்ல கூலிக்குச் சண்டை, வெளியூர்ல பங்காளி. முப்பது வருஷம் கழிச்சு 1925 டிசம்பர்லதான் அந்த வரி நின்னுச்சு.

அதுக்கும் முன்னாடி 1881ல இங்க தொழிற்சாலைச் சட்டம் வந்துச்சு, ஏழு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைய வேலைக்கு வெக்கக் கூடாதுன்னு. அந்தச் சட்டத்துக்கு லங்காஷயர் மில்லுக்காரங்கதான் ரொம்பத் துடிச்சாங்க. பம்பாய் மில்லு மலிவாத் துணி விக்குதே, அங்க வேலை நேரம் கொறைஞ்சா நமக்கு நல்லதாச்சேன்னு கரிசனம். ஊருக்கு உபதேசம் பண்ற சாக்குல தன் வேலியை நகத்தற பங்காளியை நான் நெறையப் பாத்திருக்கேன். இருந்தாலும் ஒண்ணு சொல்லணும், அந்த ஆறு வயசுப் புள்ள வீட்டுக்குப் போச்சு. கெட்ட எண்ணத்துல ஊத்தின தண்ணியையும் செடி குடிக்கத்தான் செய்யும்.

மொகம் ஏன் சுண்டிப் போச்சு? உன் ஊர்க்காரனை ஒரேயடியாத் தொவைச்சுட்டேன்னா? சரி, நல்லதும் சொல்றேன், நீயே போய்ப் பாத்திருப்ப. மான்செஸ்டர் நடுவுல லிங்கன் செலை இருக்கே, அமெரிக்க ஜனாதிபதிக்கு அங்க இன்னா வேலை? அமெரிக்காவுல அடிமைச் சண்டை நடந்தப்போ பருத்தி வரத்து நின்னு போச்சு. லங்காஷயர்ல மில்லு மூடி, சனம் கஞ்சித் தொட்டியில நின்னுச்சு. அந்த நேரத்துல, 1862 டிசம்பர் 31ம் தேதி ராத்திரி மான்செஸ்டர்ல கூட்டம் போட்டு, அடிமைகளை விடுதலை பண்ணு, நாங்க பட்டினி கெடந்தாலும் உன் பக்கம்தான்னு லிங்கனுக்கு எழுதினாங்க. அவரு ஜனவரி மாசமே பதில் போட்டாரு. மேசையில ஆடை இல்லாத நேரத்துல, தொட்டிப் பக்கம் கழுத்தைத் திருப்பின ஆளுங்க அவங்க. என் கையில ரெண்டு பைசா வெச்ச கெழவர் அந்த ஜாதி.

காந்தி போனாரே 1931ல, செப்டம்பர் கடைசியில, லங்காஷயர்ல டார்வன்ங்கற ஊருக்கு. அன்னியத் துணியை எரிக்கச் சொன்ன மனுஷன், அந்தத் துணி நெய்யறவங்க வீதிக்கே போறாரு. கல்லடி விழும்னு நெனைச்சா, மில்லுப் பொம்பளைங்க அவரைச் சுத்தி நின்னு கைதட்டி ஆரவாரம் பண்ணாங்க, போட்டோ கூட இருக்கு. அவரு இனிக்க இனிக்கப் பேசல. உங்க வேலையில்லாதவருக்கு சர்க்கார் குடுக்கற உதவித்தொகை மாசம் எழுபது ஷில்லிங், எங்காளோட சராசரி வருமானமே மாசம் ஏழரை ஷில்லிங்னு கணக்கை எடுத்து வெச்சாரு. உனக்கு மாப்பிள்ளைக் களை கொறைஞ்சிருக்கு, எனக்கு எலையே இல்லன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்ற மாதிரி. அவங்க கைதட்டுனாங்க. பூரா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. வந்த விருந்தாளியை மரியாதையா அனுப்பி வெச்சாங்க.

அதான் உனக்கு நான் குடுக்கற யோசனை, இதை வேட்டி முடிச்சுல முடிஞ்சுக்கோ, நீ பேன்ட்டுதான் போட்டிருக்க, பர்ஸ்ல வெச்சுக்கோ. உன் சங்கத்து நண்பன் நம்ம ஊர்த் தொழிலாளிக்காகக் கண்ணு கலங்கறப்போ அவன் கண்ணைப் பாக்காத, பையைப் பாரு. பேசினதால அவனுக்கு ரெண்டு பைசா செலவா, இல்ல ரெண்டு பைசா வரவா? செலவுன்னா எந்திரிச்சு நின்னு கும்புடு. வரவுன்னா கும்பிட வேணாம், ஆனா அவன் ஊத்தற தண்ணியையும் தட்டி விட்டுடாத.

நம்ம காலத்துச் சங்கதிக்கு வர்றேன். 2024 ஜூலையில கொரியாவுல சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணாங்க, அந்தக் கம்பெனியில அவ்வளவு பெருசா நடந்தது அதுதான் மொத தடவை. ரெண்டு மாசம் கழிச்சு செப்டம்பர் 9ம் தேதி நம்ம சுங்குவார்சத்திரத்துல அதே கம்பெனி ஆலையில, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் செய்யற எடத்துல, நம்ம பசங்க ஒக்காந்தாங்க. என் நெலத்துக்குப் பக்கத்துல. பந்தல் போட்டு முப்பத்தேழு நாள், அக்டோபர் 15 வரைக்கும். கூலி, வேலை நேரம் எல்லாம் இருந்துச்சு, ஆனா தொண்டையில நின்ன முள்ளு வேற, சங்கத்தைப் பதிவு பண்ணணும். பதிவு ஆகல. ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. 2025 ஜனவரியிலதான் பதிவு ஆச்சு. எந்தச் சட்டத்துல பதிவு? 1926 தொழிற்சங்கச் சட்டத்துல. அந்தச் சட்டம் எதனால வந்துச்சு? வாடியா மேல போட்ட கேசுனாலதான், சங்கத்துக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு வேணும்னு கேட்டுக் கேட்டு வந்துச்சு. பெரம்பூர்ல ஆரம்பிச்ச வழக்கு, நூறு வருஷம் கழிச்சு அதே செவப்புக் கட்டடத்துல. ஒரே கம்பெனி, அங்க ஒரு மேசை, இங்க ஒரு தொட்டி.

அப்புறம் ஒரு கூச்சல் உங்க ஊர்ல. நீதான் போன்ல சொன்னே. 2025 ஜூலை 24ம் தேதி இங்கிலாந்துல இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. கம்பெனி அனுப்பி இங்கேர்ந்து தற்காலிகமா அங்க வேலைக்கு வர்றவனுக்கு மூணு வருஷம் அந்த ஊர் காப்புறுதிப் பணம் கட்ட வேணாம்னு ஏற்பாடு. அதுக்கு அங்க எதிர்க்கட்சிக்காரன், நம்மாளு வேலை போச்சுன்னு குதிச்சான். அந்தாண்ட அமெரிக்காவுல அதே வருஷம் ஆகஸ்ட் 27லேர்ந்து நம்ம சரக்கு பலதுக்கு அம்பது சதவீதம் வரின்னாங்க, திருப்பூர்ல பனியன் மூட்டையைக் கட்டி வெச்சுட்டு ஆகாசத்தைப் பாத்தாங்க. அமெரிக்கத் தொழிலாளியைக் காப்பாத்தறோம்னும் ஒரு காரணம் சொன்னாங்க. காங்கேயம் பக்கத்துலேர்ந்து தையலுக்கு வர்றவளுக்கு டெட்ராய்ட்டு எந்தப் பக்கம்னு தெரியாது, டெட்ராய்ட்டுக்காரனுக்குக் காங்கேயம் மாடு தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல பலகையில சாக்பீஸ்ல வெலை எழுதறவன் ஒருத்தன் இருக்கான். அவனை மட்டும் யாரும் பாக்கறதில்ல.

நீ இன்னாமோ சொல்ல வர்ற. மொதல்ல என்னைப் பாருன்னு சொல்லப் போற, தெரியும். "தாத்தா, நான் அங்க தொட்டியா மேசையா?" அதானே? கண்ணு, நீ அங்க தொட்டி, இங்க வந்தா மேசை. ஏர்போர்ட்டுல விமானம் ஏறி எறங்கறதுக்குள்ள எடம் மாறிடுது.

அப்ப உங்கப்பன்? நான்? அதுக்கும் ஒரு மில்லுக் கதை இருக்கு. 1921ல மில்லுல மறுபடி வேலைநிறுத்தம், மாசக்கணக்கா நடந்துச்சு. அதை ஒடைக்கறதுக்கு துரைக்கு லண்டன்லேர்ந்து ஆளு தேவைப்படல. சாதியைக் கொண்டே ரெண்டாப் பொளந்தாச்சு. ஆதிதிராவிடத் தொழிலாளிங்க வேலைக்குத் திரும்பினாங்க, புளியந்தோப்புல வீடு எரிஞ்சுது, போலீஸ் சுட்டுச்சு. சேரிக்காரனைச் சங்கத்துல பக்கத்துல ஒக்கார வெச்சிருந்தா அவன் ஏன் போகப் போறான்னு கெழவர் கேப்பாரு. அதைச் சொல்றப்போ மட்டும் கடையில மத்தவங்க டீயைச் சீக்கிரம் குடிச்சுட்டு எந்திரிச்சுடுவாங்க. எங்க கடையிலயும் ரெண்டு தினுசு க்ளாஸ் இருந்துச்சுடா. நான்தான் தனித்தனியாக் கழுவி வெச்சேன். மேசையைத் தட்டினவனைப் பத்தி இவ்வளவு நேரம் பேசினேனே, இதை இப்பத்தான் சொல்றேன் பாரு.

மந்தைவெளி மந்தைவெளின்னு பேரு. மாடு மேஞ்ச வெளி. மாடும் போச்சு, வெளியும் போச்சு, காலைல எட்டு மணிக்கு ஸ்டேஷன் படிக்கட்டுல பாத்தா மந்தை மட்டும் பாக்கி. ஆர்.கே. மட் ரோட்டுல மெட்ரோவுக்குத் தோண்டறாங்களே, உள்ள எறங்கறவன் எந்த ஊரு? பீகாரு, ஜார்க்கண்டு, ஒரிசா. மஞ்சத் தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு நம்ம முக்குக் கடையில டீ குடிக்கறான். நம்மாளு ஒருத்தன் பக்கத்துல நின்னு, "இவனுங்க வந்து நம்ம கூலியைக் கெடுத்துட்டானுங்க"ங்கறான். லங்காஷயர்க்காரன் தமிழ் பேசினா இப்படித்தான் பேசியிருப்பான்னு எனக்குத் தோணும். ரயில் ஓட ஆரம்பிச்சா ஏசியில ஒக்காந்து சிறுசேரி வரைக்கும் ஜம்முனு போகப் போறது யாரு? நம்ம மூட்டு வலியும் நாமும்தான். தோண்டினவன் பேரு ஸ்டேஷன்ல எங்கயாவது எழுதுவாங்கன்னு நெனைக்கிற?

உங்கம்மா அடுப்பாண்டயிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கா, சத்தம் நின்னு போச்சு பாரு. பெரும்பாக்கத்துலேர்ந்து பஸ் மாறி வர்றாளே வேலைக்காரம்மா, அவ போன மாசம் ஐந்நூறு ரூவா கூடக் கேட்டா. உங்கம்மா இருநூறுல முடிச்சுட்டேன்னு என்கிட்ட வந்து பெருமையாச் சொன்னா. நானும் "கெட்டிக்காரி"ன்னேன். சாப்பாடு போடறவளைப் பகைச்சுக்க முடியுமா?

சரி, அந்த டப்பாவை இங்க குடு. தெறக்கறேன். வாசனை நல்லாத்தான் இருக்கு. ஒரு பொட்டலத்தை எடுத்துச் சுடுதண்ணியில முக்கினா ஆச்சா? கொதிக்க விட வேணாமா? ஆத்த வேணாமா? நொரை எங்கேர்ந்து வரும்? இது டீ இல்லடா, டீக்கு எழுதின கடுதாசி. டப்பாவை நான் வெச்சுக்கறேன், வெத்தல பாக்குக்கு அளவா இருக்கு.

பொட்டலத்தையெல்லாம் நீ எடுத்துட்டு ராத்திரி ஏழு மணிக்கு மொட்டை மாடிக்கு வா. அபார்ட்மெண்ட் கூட்டம். வாட்ச்மேன் சம்பளத்தை ரெண்டாயிரம் ஏத்தணும்னு கேட்டிருக்கான், ஏத்தினா வீட்டுக்கு மாசம் நூறு ரூவா மெயின்டனன்ஸ் கூடும். வேணாம்னு பேசப் போறது யாரு தெரியுமா? இந்தப் பேப்பருக்குச் சொந்தக்காரன், உங்கப்பன்தான். நீ நேத்து பேசின மாதிரியே எந்திரிச்சு பேசு, குரல் நல்லாத்தான் இருக்கு. நான் கடைசி வரிசையில ஒக்காந்திருப்பேன். கூட்டத்துக்கு டீ போட்டுட்டு வர்றதும் வாட்ச்மேன்தான். இந்தப் பொட்டலத்தை அவன் கையில குடு. எந்த ஊரு டீ சார்னு கேப்பான், என்ன சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கோ.